அமெரிக்க அதிபர் தேர்தலும் உச்ச நீதிமன்ற நாற்காலிகளும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். நம் வட்டாரத்துப் போராட்டங்களைப் பற்றியோ, அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் கடல் கடந்தது. அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அதிபர் தேர்தல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை எவ்வாறு உருவாக்குகிறது, அதனால் அங்குள்ள கறுப்பின மக்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே அது.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. முன்பு எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், சென்ற தேர்தலில் தாம் வாக்களிக்கச் செல்லவில்லை என்றார். ஏன் என்று கேட்டோம். "யார் வந்தால் நமக்கு என்ன ஐயா, எல்லாம் கடைசியில் கோர்ட்டில்தானே முடிகிறது?" என்றார். இடஒதுக்கீட்டு வழக்குகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துப் படித்துச் சலித்துப் போனவரின் சொல் அது. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் அமர்பவரை அங்கே அமர்த்துவது யார் என்னும் கேள்வியை அவர் கேட்கவில்லை. அமெரிக்காவில் அக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் அது வாக்குச் சாவடியின் வாயிலிலேயே போய் நிற்கிறது.

முதலில் அமைப்பை அறிந்து கொள்வோம். 1787-இல் பிலடெல்பியா நகரில் வகுக்கப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டப்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக வரவேண்டியவரின் பெயரை அதிபர் முன்மொழிவார். செனட் சபை இசைந்தால் அவர் நீதிபதி ஆவார். நன்னடத்தையுடன் இருக்கும் வரை பதவி என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது ஆயுட்காலப் பதவியே. 1804-இல் சாமுவேல் சேஸ் என்ற நீதிபதியின் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. 1805-இல் செனட் அவரை விடுவித்தது. அவருக்குப் பின் உச்ச நீதிமன்ற நீதிபதி எவர்மீதும் அவ்வாறு குற்றச்சாட்டு நிறைவேறியதில்லை. தாமாக ஓய்வு பெறுவார், அல்லது பதவியிலேயே இறப்பார். அப்போதுதான் நாற்காலி காலியாகும். அந்த நேரத்தில் அதிபராக இருப்பவர் யாரோ அவர் அதை நிரப்புவார். நீதிபதிகள் இத்தனை பேர் என்று அரசியல் சட்டத்தில் இல்லை. 1789-இல் அறுவர் இருந்தனர். பின்னர்க் கூடியும் குறைந்தும் 1869 முதல் ஒன்பதின்மராக நிலைத்துவிட்டனர்.

நம் நாட்டு முறை வேறு. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பற்றிப் பேசினார். இங்கிலாந்தில் நீதிபதி நியமனம் முற்றிலும் ஆட்சியாளர் கையில் இருக்கிறது, அமெரிக்காவில் செனட்டின் இசைவு வேண்டும், இரண்டுமே நமக்கு ஏற்றவையல்ல என்று கூறி, நடுவழி ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். இங்கே நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு உண்டு; 1993-க்குப் பின் மூத்த நீதிபதிகளின் குழுவே பெயர்களைப் பரிந்துரைக்கிறது. அதன் நிறைகுறைகள் வேறொரு கட்டுரைக்கு உரியவை.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுவே முக்கியமானது. 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூன் திங்களில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தை நிறைவேற்றி 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் இது நடவாது. அங்கே ஒரு திருத்தம் நிறைவேற இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினரும், பின்னர் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் இசைய வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இருபத்தேழு திருத்தங்களே உள்ளன. ஆகவே, உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்திற்கு ஒரு பொருள் சொல்லிவிட்டால் அதை மாற்ற மக்களுக்கு உள்ள வழி, பெரும்பாலும், நீதிபதிகள் மாறும் வரை காத்திருப்பதுதான்.

முதல் நாளிலிருந்தே அந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் இருந்தது. மக்கள்தொகையை வைத்து மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைப் பங்கிட்டபோது, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டனர். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் அந்தப் பங்கீட்டையே சார்ந்தது. வாக்கில்லாத அடிமையின் தலையை எண்ணி, அவனைப் பூட்டி வைத்திருந்தவனின் வாக்குக்கு எடை கூட்டினர் என்க. அடிமை மாநிலங்களின் செல்வாக்கோடு வந்த அதிபர்கள் அம்மாநிலத்தாரையே நீதிபதிகளாக்கியதில் வியப்பென்ன? ஆண்ட்ரூ ஜாக்சன் அவ்வாறு வந்தவருள் ஒருவர். தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். அவர் 1836-இல் தலைமை நீதிபதியாக்கிய மேரிலாந்துக்காரர்தாம் ரோஜர் டானி.

டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கு அந்த டானியின் முன் வந்தது. ஸ்காட்டின் எசமானர் இராணுவ மருத்துவர். அவர் ஸ்காட்டை அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்திற்கும், விஸ்கான்சின் பகுதிக்கும் அழைத்துச் சென்று ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். உரிமை மண்ணில் வாழ்ந்ததால் தாமும் தம் குடும்பத்தினரும் உரிமை பெற்றவரே என்று ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846-இல் செயின்ட் லூயி நகர நீதிமன்றத்தை அணுகினர். பதினோரு ஆண்டுகள் படியேறி இறங்கினர். 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆப்பிரிக்க மரபில் வந்தோர், உரிமை பெற்றவராயினும், அந்நாட்டின் குடிமக்கள் ஆக முடியாது, எனவே ஸ்காட்டுக்கு வழக்குத் தொடரவே தகுதி இல்லை, புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரமும் இல்லை என்று டானி எழுதினார். ஒன்பது நீதிபதிகளில் எழுவர் அந்த முடிவின் பக்கம் நின்றனர். ஒன்பதின்மரில் ஐவர் அடிமை மாநிலங்களைச் சேர்ந்தவர்.

இவ்வழக்கில் தேர்தலின் நிழல் எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 1856 தேர்தலில் வென்ற ஜேம்ஸ் பியூகானன் 1857 மார்ச் 4 அன்று பதவி ஏற்றார். அதற்கு முன்பே அவர் நீதிபதிகள் இருவரோடு கடிதத் தொடர்பு கொண்டு, தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்பதை அறிந்திருந்தார். வட மாநிலத்தவரான ஒரு நீதிபதியைத் தென்னவர் பக்கம் சேரவும் தூண்டினார். பின்னர்ப் பதவியேற்பு உரையில், நீதிமன்றம் என்ன சொன்னாலும் எல்லாரும் பணிவோம் என்று ஒன்றும் அறியாதவர் போல் பேசினார். இரண்டே நாளில் தீர்ப்பு வந்தது. ஸ்காட்டைப் பிறகு வேறொரு குடும்பத்தினர் பெற்று விடுதலை செய்தனர். உரிமை மனிதராக அவர் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் வாழ்ந்தார்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து நாடெங்கும் பேசியவருள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். 1860-இல் நால்வர் போட்டியிட்ட தேர்தலில் நூற்றுக்கு நாற்பது வாக்குகளே பெற்று அவர் அதிபரானார். அவருக்குப் பதவி உறுதிமொழி செய்து வைத்தவர் அதே டானி. உள்நாட்டுப் போரின் நடுவே 1864 அக்டோபரில் டானி இறந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் பெயர் பெற்ற சாமன் சேஸ் என்பவரை அந்த இடத்தில் லிங்கன் அமர்த்தினார். 1865 பிப்ரவரி முதல் நாள், ஜான் ராக் என்னும் கறுப்பின வழக்கறிஞர், உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் தகுதியை அந்தத் தலைமை நீதிபதியின் முன்னிலையில் பெற்றார். கறுப்பர் குடிமக்களே அல்லர் என்ற தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் நிறையவில்லை. நாற்காலி அதே நாற்காலி. இடையில் நடந்தவை ஒரு தேர்தலும் ஒரு போரும்.

போரின் விளைவாக 1865-இல் அடிமை ஒழிப்பு, 1868-இல் குடியுரிமையும் சட்டத்தின்முன் சமமான பாதுகாப்பும், 1870-இல் நிறம் பாராத வாக்குரிமை என்று மூன்று திருத்தங்கள் வந்தன. இனி எல்லாம் நலமே என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் திருத்தத்திற்குப் பொருள் சொல்பவர் நீதிபதிகள் அல்லரோ?

1876 தேர்தலில் இரு தரப்பாரும் தாமே வென்றதாகக் கூறினர். சிக்கலைத் தீர்க்கப் பதினைவர் குழு ஒன்றை அமைத்தனர். அதில் ஐவர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். எட்டுக்கு ஏழு என்று குழு முடிவு சொல்ல, தேர்வாளர் கணக்கில் 185-க்கு 184 என ஒரே ஒரு வாக்கில் ரூதர்போர்டு ஹேய்ஸ் அதிபரானார். அதற்கு விலையாகத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் காவலாக இருந்த மத்தியப் படைகள் பின்வாங்கப்பட்டன. 1883-இல், விடுதிகளிலும் வண்டிகளிலும் நாடக அரங்குகளிலும் இனவேறுபாடு காட்டுவதைத் தடுத்த மத்தியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளையர் இரயில் பெட்டியில் ஏறியதற்காக 1892-இல் கைது செய்யப்பட்ட ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், 1896-இல், பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் குற்றம் இல்லை என்று எழுவர் தீர்ப்பளித்தனர். தனிக் குவளையும் தனிக் கிணறும் கண்ட நமக்கு அந்தச் 'சமம்' எப்படி இருந்திருக்கும் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பிளெஸ்ஸி வழக்கின் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரவுன் வட மாநிலத்தவர். லிங்கனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபரால் அமர்த்தப்பட்டவர். தனியொருவராக நின்று மறுப்புத் தீர்ப்பு எழுதிய ஜான் மார்ஷல் ஹார்லனோ, கெண்டக்கியில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். படைகளைத் திரும்பப் பெற்ற அதே ஹேய்சால் 1877-இல் நியமிக்கப்பட்டவர். அரசியல் சட்டத்திற்கு நிறம் தெரியாது, குடிமக்களிடையே சாதி இல்லை என்ற கருத்தை அவர் எழுதி வைத்தார். ஆகவே கட்சியின் பெயரைக் கொண்டோ, பிறந்த இடத்தைக் கொண்டோ நீதிபதியின் மனத்தை அளந்துவிட முடியாது. கட்சிப் பெயரை நம்பி ஏமாறுவது நமக்கும் புதிதன்று.

ஆயினும் லிங்கனின் கட்சி ஏன் கைவிட்டது? எழுத்துத் தேர்வு, தலைவரி, அச்சுறுத்தல் ஆகியவற்றால் தென்னாட்டுக் கறுப்பினத்தார் வாக்காளர் பட்டியலிலிருந்து துடைக்கப்பட்டனர். பிளெஸ்ஸியின் சொந்த மாநிலமான லூசியானாவில் 1896-இல் 1,30,000-க்கு மேல் கறுப்பின வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1904-இல் எஞ்சியவர் 1,400-க்கும் குறைவு. வாக்கில்லாத மக்களுக்காக எந்த அதிபர் நீதிபதியைத் தேடப் போகிறார்? அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அமெரிக்கா இந்த நிலையில்தான் இருந்தது. அம்மக்களை அவர் மறக்கவில்லை. 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் தரப்பில் அளிக்கப்பட்ட விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார்.

வாக்கு எப்படி வேலை செய்யும் என்பதை அவர்கள் முதன்முதலாகக் காட்டியது 1930-இல். வட மாநில நகரங்களுக்குத் தொழில் தேடிக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களுக்கு அங்கே வாக்குரிமை இருந்தது. அதிபர் ஹூவர், ஜான் பார்க்கர் என்பவரை உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். கறுப்பினத்தார் அரசியலில் ஈடுபடுவது கூடாது என்று பத்தாண்டுகளுக்கு முன் அவர் மேடையில் பேசியதைக் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தேடி எடுத்தது. தொழிற்சங்கங்களும் வேறொரு காரணத்துக்காக அவரை எதிர்த்தன. செனட் 41-க்கு 39 என்ற கணக்கில் பார்க்கரைத் தள்ளியது. சங்கம் அத்தோடு நிற்கவில்லை. பார்க்கருக்கு ஆதரவாகக் கை தூக்கிய செனட்டர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் கான்சாஸ், ஒகையோ போன்ற மாநிலங்களில் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. தம்மவர் ஒருவரும் அமராத செனட்டில் இதை அவர்கள் செய்து முடித்தனர்.

இனித் தர்குட் மார்ஷலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இம்மலரில் அவருக்கு இடமில்லையெனில் வேறு எங்கே இருக்கும்? 1908-இல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தாய் பள்ளி ஆசிரியை. மாணவப் பருவத்தில் குறும்பு மிகுதி. தவறு செய்தால் பள்ளித் தலைவர் அவரைக் கீழறைக்கு அனுப்பி, அரசியல் சட்டத்தைப் படிக்க வைப்பாராம்; பள்ளியை விடுமுன் முழுதும் மனப்பாடம் ஆகிவிட்டது என்பர். யாமும் முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளைத் தண்டித்திருக்கிறோம். இந்தத் தண்டனை எமக்குத் தோன்றியதில்லை. சொந்த மாநிலச் சட்டக் கல்லூரியில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்பதால் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகத் தாய் தம் மோதிரங்களை அடகு வைத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். அங்கே சார்லஸ் ஹூஸ்டன் என்னும் ஆசிரியர் கிடைத்தார். பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து, அதே மேரிலாந்துச் சட்டக் கல்லூரியின் மீது வழக்காடி, முர்ரே என்ற கறுப்பின மாணவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தனர்.

பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்து மார்ஷலும் அவர் தோழர்களும் கொண்டுசென்ற வழக்குகள் 1952 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. அவற்றுள் ஒன்று, 1951-இல் வர்ஜீனியாவின் பார்ம்வில் ஊரில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் பாடம் கேட்க மாட்டோம் என்று சக மாணவர்களைத் திரட்டி நடத்திய வேலைநிறுத்தத்தில் பிறந்தது. அப்போதைய தலைமை நீதிபதி வின்சன் பழைய தீர்ப்பை உடைக்கத் தயங்கினார், நீதிபதிகள் பிளவுபட்டிருந்தனர். மறு விசாரணைக்குக் காத்திருந்த வேளையில், 1953 செப்டம்பரில், வின்சன் மாரடைப்பால் இறந்தார். 1952 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்த மாநாட்டில் கலிபோர்னியா ஆளுநர் எர்ல் வாரனின் ஆதரவாளர்கள் ஐசனோவருக்குத் துணை செய்திருந்தனர். அதிபரான ஐசனோவர் அந்த வாரனைத் தலைமை நீதிபதியாக்கினார். வாரன் ஒவ்வொரு நீதிபதியாகப் பேசி இணைத்து, 1954 மே 17 அன்று ஒன்பதின்மரும் ஒரே குரலாகத் தீர்ப்பளிக்கச் செய்தார்: பொதுக் கல்வியில் பிரித்து வைப்பதே சமமின்மை. அந்த ஒன்பதின்மரில் ஒருவர், அதிபர் ரூஸ்வெல்ட் நியமித்த ஹியூகோ பிளாக், இளமையில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறியர் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தவர். மனிதர் மாறுவதும் உண்டு.

தீர்ப்பு வந்ததும் கதவுகள் திறந்துவிடவில்லை. பார்பரா ஜான்ஸின் மாவட்ட நிர்வாகம், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளிகளையே மூடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை மூடி வைத்தது. வெள்ளையர் தம் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி நடத்திக்கொண்டனர். ஐந்து ஆண்டுகள்! ஏழு வயதில் வெளியே நின்ற பிள்ளை பன்னிரண்டு வயதில் எந்த வகுப்பில் போய் உட்காரும்? ஆசிரியராகிய எம்மால் அந்தப் பக்கத்தை எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-இல் அதிபர் ஜான்சன், மார்ஷலை உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக முன்மொழிந்தார். செனட் 69-க்கு 11 என ஏற்றது. உச்ச நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வழக்குகளை வாதாடி இருபத்தொன்பதில் வென்றவர் அவர். அதற்கு ஓராண்டு கழித்து வந்தது 1968 தேர்தல்.

அத்தேர்தலை நம் இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். வாரன், தமக்குப் பின் தம் வழிச் செல்பவரை ஜான்சனே அமர்த்தட்டும் என்று ஓய்வை அறிவித்தார். செனட்டில் ஜான்சனின் பரிந்துரை தேங்கிக் கைவிடப்பட்டது. நவம்பரில் ரிச்சர்டு நிக்சன் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளில், அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த வேறுபாட்டில், வென்றார். மூன்று ஆண்டுகளுக்குள் நான்கு நாற்காலிகளை அவர் நிரப்பினார். 1973-இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோவின் ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கு வந்தது. சொத்து வரியை நம்பிப் பள்ளிகள் நடப்பதால் ஏழைப் பகுதிப் பள்ளிக்குக் குறைந்த பணமும் செல்வர் பகுதிப் பள்ளிக்கு மிகுந்த பணமும் கிடைக்கின்றன, இது சமமா என்று அவர்கள் கேட்டனர். கல்வி என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அன்று என ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பாயிற்று. 1974-இல் டெட்ராயிட் நகர வழக்கு. கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளிகளையும், வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த புறநகர்ப் பள்ளிகளையும் ஒரே திட்டத்தில் சேர்க்கக் கீழ் நீதிமன்றம் இட்ட ஆணையை, மறுபடியும் ஐந்துக்கு நான்கு என்று நீக்கினர். இரு வழக்குகளிலும் அந்த ஐவரில் நால்வர் நிக்சன் அமர்த்தியவர்கள். இரண்டிலும் மார்ஷல் மறுப்பு எழுதினார். 1954-இல் தாம் வென்றதன் பாதியை, இருபது ஆண்டு கழித்து, நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தபடியே அவர் இழந்துகொண்டிருந்தார்.

நாற்காலி காலியாவது தேர்தலைப் பார்த்து நடப்பதன்று. 1977 முதல் 1981 வரை அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டருக்கு ஒரு நியமனம்கூட வாய்க்கவில்லை. அவருக்குப் பின் ரேகன் எட்டு ஆண்டுகளும், மூத்த புஷ் நான்கு ஆண்டுகளும் ஆண்டனர். தம் கொள்கைக்கு இசைந்த அதிபர் வரட்டும் என்று மார்ஷல் காத்திருந்தார், உடல் காத்திருக்கவில்லை. 1991-இல் ஓய்வு பெற்றார். அவ்விடத்தில் புஷ் அமர்த்தியவர் நாற்பத்து மூன்று வயதுக் கிளாரன்ஸ் தாமஸ். ஜார்ஜியாவின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து ஏல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். ஆனால் இன அடிப்படையில் கல்லூரி இடங்களில் சலுகை தருவதைக் கடுமையாக எதிர்ப்பவர். செனட்டில் 52-க்கு 48 என்று தேறினார். 1993 சனவரி 20 அன்று கிளின்டன் பதவி ஏற்றார். நான்கு நாட்கள் கழித்து, சனவரி 24 அன்று, மார்ஷல் காலமானார். உச்ச நீதிமன்ற வரலாற்றில் இந்த நான்கு நாட்களைப் போல் எம் நெஞ்சை உறுத்துவது வேறொன்றில்லை.

பிந்திய நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்வோம். 2000 தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகள் வேறுபாட்டில், மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றமே ஐந்துக்கு நான்கு என நிறுத்த, இளைய புஷ் அதிபரானார். இரண்டாம் முறையும் வென்று 2005-லும் 2006-லும் ராபர்ட்ஸ், அலிட்டோ என்னும் இருவரை அமர்த்தினார். 2013-இல், 1965 வாக்குரிமைச் சட்டத்தின் மிகக் கூரிய பிரிவு எந்த மாநிலங்களுக்குப் பொருந்தும் என்று வரையறுத்த பகுதியை, ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு நீக்கியது. அதுவும் ஐந்துக்கு நான்கே. வாக்கினால் வந்த நீதிமன்றம் வாக்குக்கு இருந்த வேலியைப் பிடுங்கிற்று.

2016 பிப்ரவரியில் ஸ்காலியா என்ற நீதிபதி இறந்தார். அதிபர் ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டாயிற்றே, மக்கள் சொல்லட்டும் என்று செனட்டின் பெரும்பான்மைக் கட்சி விசாரணைகூட நடத்தாமல் ஆண்டு முழுவதும் கிடப்பில் போட்டது. அந்த நவம்பரில் கறுப்பின வாக்காளரில் வாக்களித்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அது அறுபத்தாறுக்கு மேல் இருந்தது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் டிரம்ப் வென்றார். நாடு முழுவதும் எண்ணினால் அவர் பெற்ற வாக்குகள் எதிரியைவிட இருபத்தெட்டு இலட்சம் குறைவு. யாமும் எம் மாணவரும் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. நான்கு ஆண்டுகளில் அவர் மூவரை அமர்த்தினார். மூன்றாமவரான பேரட்டைச் செனட் ஏற்றது 2020 அக்டோபர் 26. தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்ன 'தேர்தல் ஆண்டு' வாதம் அப்போது ஒருவர் வாயிலும் வரவில்லை என்று சொல்ல முடியாது. எதிர்க்கட்சியினர் உரக்கவே சொன்னார்கள், கேட்பார் இல்லை.

2020 தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்த காலத்தில், கறுப்பின வாக்காளர் மிகுந்த தென் கரோலினா மாநிலத்து மேடையில், கறுப்பினப் பெண் ஒருவரை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்துவேன் என்று ஜோ பைடன் வாக்களித்தார். அம்மக்கள் அவரைத் தூக்கி நிறுத்தினர். 2022-இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 53-க்கு 47 என்ற கணக்கில் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி ஆனார். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் மூன்றாவது கறுப்பின நீதிபதி அவர்.

2023 சூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கை வழக்குகளில் தீர்ப்பு வந்தது. விண்ணப்பிப்பவரின் இனத்தைக் கருதி இடம் தருவது, 1868-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறும் சமத்துவத்திற்கு மாறானது என்று ஆறு நீதிபதிகள் கூறினர். அடிமையாயிருந்தோரைக் காக்கப் பிறந்த அதே திருத்தம். ஆறு பேரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் அமர்த்தியவர். மறுத்த மூவரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் அமர்த்தியவர். அரசியல் சட்டத்திற்கு நிறம் தெரியாது என்று 1896-இல் ஹார்லன் தனித்து நின்று எழுதியதைத் தம் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டித் தாமஸ் விரிவாக எழுதினார். அடிமைக் காலம் முதல் வீடு, நிலம், ஊதியம் என ஒவ்வொன்றிலும் சேர்ந்துவந்த பள்ளத்தை எடுத்துக்காட்டி, சட்டத்தில் நிறம் இல்லை என்பதால் வாழ்வில் இல்லை என்றாகிவிடாது என்று ஜாக்சன் மறுத்து எழுதினார். ஒரே மக்களிடமிருந்து வந்த இருவர், ஒரே ஆசனத்தின் இரு முனைகளில்.

எம் பழைய மாணவரிடம் இந்த வரலாற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: தாமசை நியமித்த புஷ் இப்போது இருக்கிறாரா என்று. இல்லை, அவர் 2018-இல் மறைந்தார் என்றோம். 1988 நவம்பரில் அவருக்கு வாக்களித்தவர்களிலும், அன்று வெயிலையோ வேலையையோ காரணம் காட்டி வீட்டில் இருந்துவிட்டவர்களிலும் எத்தனையோ பேர் 2023-இல் உயிருடன் இல்லை. அவர் அமர்த்திய நீதிபதி, மார்ஷலின் நாற்காலியில், முப்பத்திரண்டாம் ஆண்டாக அமர்ந்திருந்தார்.